ஆகஸ்ட்ல ஸ்கூபா கத்துக்கணும், எங்க போறது?

கோபிசெட்டிபாளையம் பக்கத்துல இருந்து ஒரு வாசகி கேட்டிருக்காங்க. அவங்க, வீட்டுக்காரர், 11 வயசுப் பொண்ணு, மூணு பேரும் ஸ்கூபா டைவிங் கத்துக்கணும். ஆகஸ்ட்ல பத்து நாள் லீவ். அந்தமானுக்கு பாதி ரேட்ல ஒரு பேக்கேஜ் வந்திருக்கு, மனசு என்னமோ மாலத்தீவுல இருக்கு, ஆபீஸ் ஃப்ரெண்ட் தாய்லாந்து போங்கறாங்க. இவங்களுக்கு கெணத்துல கத்துக்கிட்ட நீச்சல் நல்லா வரும், வீட்டுக்காரருக்கு சுத்தமா வராது, அவருக்கு இங்கிலீஷ் படிச்சா புரியும் வேகமா பேசினா புரியாது. இவங்களுக்கு போன மார்கழில வீசிங் வந்து இன்ஹேலர் எடுத்திருக்காங்க, அத டைவ் ஸ்கூல் குடுக்கற மெடிக்கல் ஃபார்ம்ல போடணுமா, 'நோ'ன்னு டிக் பண்ணிடலாமான்னு கேக்கறாங்க. அந்தமான்ல நாலாயிரத்துக்கே ஸ்கூபான்னு போட்டிருக்கே, கோர்ஸுக்கு மட்டும் ஏன் முப்பதாயிரம்னும் கேக்கறாங்க. கடைசியா வீட்டுக்காரர் கேக்கச் சொன்னதாம், மீசைய எடுக்கணுமா?

வணக்கம்ங்க. டைவிங் சொல்லிக் குடுக்கறதுதான் என் பொழப்பு. எங்ககிட்ட கேக்கறவங்க பெரும்பாலும் ஊர முடிவு பண்ணி, டிக்கெட்டும் போட்டு, ஹோட்டலுக்கு அட்வான்ஸும் கட்டிட்டு அப்புறமா வந்து "சார் இந்த மாசம் கடல் எப்படி இருக்கும்"பாங்க. நீங்க டிக்கெட் போடறதுக்கு முன்னாடி கேட்டிருக்கீங்க, அதனால பதில் சொல்ல எனக்கும் சந்தோஷமா இருக்கு.

ஒண்ணு மொதல்லயே சொல்லிடறேன், கத்துக்கப் போற ட்ரிப்ல நீங்க மீன் பாக்கறது கம்மிதான். புதுசா கத்துக்கறவங்க மொதல்ல பண்ற ஓப்பன் வாட்டர் கோர்ஸ்ல கடல்ல பண்ற நாலு டைவ்லயும் உங்க கண்ணு பாதி நேரம் இன்ஸ்ட்ரக்டர் கையிலயும் மீதி நேரம் உங்க காத்து மீட்டர்லயும்தான் இருக்கும், பக்கத்துல திமிங்கலச் சுறாவே போனாலும் கரைக்கு வந்தப்புறம் மத்தவங்க சொல்லித்தான் உங்களுக்குத் தெரியும். அதனால உலகத்துலயே அழகான கடல் எதுன்னு தேடி அதுக்கு காசு கட்ட வேணாம். உங்களுக்கு வேண்டியது அலை அடிக்காத தண்ணி, இழுப்பு இல்லாத இடம், கால் ஊனி நிக்கிற ஆழத்துல மணல் தரை, ஒரு பத்து மீட்டராவது கண்ணு தெரியற தெளிவு, அவ்ளோதான். இது எந்த ஊர்ல எப்ப கிடைக்கும்ங்கறத காத்துதான் முடிவு பண்ணுது, அதனால மொதல்ல மாசத்தப் பாருங்க, ஊரு அப்புறம்.

இப்ப உங்க அந்தமான் பேக்கேஜ். ஆகஸ்ட்ல ஏன் பாதி ரேட்டுன்னு நெனைக்கறீங்க? தென்மேற்குப் பருவமழை நடுவுல நிக்குது. மத்த மாசத்துல அந்தமான் மாதிரி ஒரு இடம் கத்துக்கறதுக்கு நம்ம நாட்டுல கிடையாது, சென்னைல இருந்து ரெண்டேகால் மணி நேர ஃப்ளைட், அங்கருந்து ஃபெரி புடிச்சா ஹேவ்லாக் (2018-ல ஸ்வராஜ் தீவுன்னு பேரு மாத்திட்டாங்க, ஆனா டைவ் ஸ்கூல்ல எல்லாரும் இன்னும் ஹேவ்லாக்னுதான் சொல்றாங்க), அங்க நீமோ ரீஃப்னு கரைல இருந்தே நடந்து எறங்குற இடம் ஒண்ணு இருக்கு, புதுசா கத்துக்கறவங்களுக்குன்னே செஞ்சு வச்ச மாதிரி. போட்ல போற லைட்ஹவுஸ், அக்வேரியம் எல்லாமும் ஆழம் கம்மியான ஸ்பாட்தான். ஆனா ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் ஸ்கூல் பாதி மூடியிருக்கும், தொறந்திருக்கறவங்களும் காத்து மறைவா இருக்கற கிழக்குப் பக்கத்துல கெடச்ச நாளுக்கு எறங்குவாங்க, தண்ணி கலங்கலா இருக்கும், கடல் கொந்தளிச்சா ஃபெரிய கேன்சல் பண்ணிடுவாங்க. கோர்ஸுக்கு மூணு நாலு நாள் தொடர்ச்சியா நல்ல தண்ணி வேணும். ரெண்டாவது நாள் ரூம்ல உக்காந்து மழைய பாத்துக்கிட்டு இருந்தீங்கன்னா அந்தப் பாதி ரேட்டும் தண்டம்.

மாலத்தீவு, வேணாம்னு சொல்லல, இப்ப வேணாம். அங்க பேர் போன ஸ்பாட் பாதிக்கு மேல ரெண்டு தீவுக்கு நடுவுல தண்ணி ஆறு மாதிரி ஓடற கால்வாய்ங்க, மான்டா ரேங்கற பெரிய திருக்கை மீன் வர்றதே அந்த ஓட்டத்துக்காகத்தான், அதுல மேல ஏறாம கீழ எறங்காம ஒரே ஆழத்துல மிதக்கத் தெரியாம எறங்கினா பயந்துதான் போவீங்க. சில தீவுல உள்கடல் லகூன் அமைதியா இருக்கும், கத்துக் குடுக்கவும் செய்றாங்க, ஆனா ஆகஸ்ட் அங்கயும் மழைக்காலம், மூணு பேருக்கு ஆகுற செலவும் ரொம்ப. கோர்ஸ் முடிச்சா குடுக்கற டைவிங் கார்டு வாங்கிட்டு ரெண்டாவது ட்ரிப்புக்கு அத வச்சுக்கோங்க, அப்ப குடுக்கற காசுக்கு கண்ணால பாக்கறதுக்கு ஏதாவது மிஞ்சும்.

தாய்லாந்துன்னு உங்க ஃப்ரெண்ட் சொன்னது சரிதான், ஆனா எந்தப் பக்கம்னு சொல்லலியே. புக்கெட், சிமிலான் இருக்கற அந்தமான் கடல் பக்கம் ஆகஸ்ட்ல நம்ம அந்தமான் கதைதான், சிமிலான் தீவுகள மே நடுவுல மூடினா அக்டோபர் நடுவுலதான் தொறப்பாங்க. எதிர்ப்பக்கம் வளைகுடால இருக்கற கோ தாவ் தீவுக்கு ஆகஸ்ட் நல்ல மாசம், மழைக்காலம் அங்க அக்டோபர் கடைசி, நவம்பர்லதான். சின்னத் தீவு, சுமாரா 21 சதுர கிலோமீட்டர், ஆனா உலகத்துல அதிகமா டைவிங் கார்டு அடிச்சுக் குடுக்கற இடங்கள்ல ஒண்ணு. ஸ்கூலுக்கு ஸ்கூல் போட்டி, அதனால ஃபீஸும் கம்மி, பத்தாயிரம் பன்னண்டாயிரம் பாத்ல முடிஞ்சிடும். ஜப்பானீஸ் கார்டன்ஸ், ட்வின்ஸ்னு பழகறதுக்கு ஏத்த ஸ்பாட் கரைய ஒட்டியே இருக்கு. எனக்கு அங்க புடிக்காதது ஒண்ணே ஒண்ணு, ஆகஸ்ட்ல ஐரோப்பாக்காரங்க லீவுக்கு வந்து தீவே ரொம்பிடும், வர்றவங்க முக்கால்வாசி இருபது வயசுப் பசங்க, தண்ணிக்குப் பொறந்தவங்க, அந்த குரூப்ல ஆகஸ்டுக்குள்ள புதுசா நீச்சல் பழகிட்டு வர்ற உங்க வீட்டுக்காரர் ஒரு ஆளா மாட்டினா வெக்கப்பட்டுக்கிட்டே புரியாததக்கூட கேக்க மாட்டார். போறதா இருந்தா உங்க மூணு பேருக்கு மட்டும் தனி இன்ஸ்ட்ரக்டர்னு எழுதி வாங்கிக்கோங்க, காசு கொஞ்சம் கூட ஆகும், பரவால்ல.

இதெல்லாம் வச்சுப் பாத்தா உங்க குடும்பத்துக்கு ஆகஸ்ட்ல நான் சொல்றது திருகோணமலை. நீங்க எழுதின லிஸ்ட்லயே இல்ல, எனக்குத் தெரியும். இலங்கைல தென்மேற்குப் பக்கம் ஹிக்கடுவ, உனவட்டுன எல்லாம் நவம்பர் - ஏப்ரல் சீசன், கிழக்குப் பக்கம் அதுக்கு நேர் எதிர், மே - செப்டம்பர்ல தென்மேற்குக் காத்துக்கு தீவே மறைப்பா நிக்கிறதால கடல் அடங்கிக் கெடக்கும். திருகோணமலைக்குப் பக்கத்துல நிலாவெளி கரைல இருந்து போட்ல கொஞ்ச நேரம் போனா புறாத்தீவு, தேசிய பூங்கா, அதுக்குத் தனியா டிக்கெட், வெளிநாட்டுக்காரங்களுக்கு ரேட்டு கூட. பவளப்பாறை முன்ன மாதிரி இல்லதான், அடி வாங்கியிருக்கு, ஆனா கத்துக்கறதுக்கு அங்க ஆழமும் தண்ணியும் தோதா இருக்கும், கறுப்பு முனை வச்ச சின்னச் சுறா முழங்கால் தண்ணிக்கே வந்துட்டுப் போகும், அது உங்களப் பாத்து ஓடும், பயப்படாதீங்க. எல்லாத்துக்கும் மேல அங்க தமிழ்ல சொல்லித்தர ஆள் கிடைக்கும். புக் பண்றதுக்கு முன்னாடியே "எங்களுக்கு தமிழ்ல வேணும்"னு கேட்டு உறுதி பண்ணிக்கோங்க. தண்ணிக்குள்ள எல்லாம் கை சைகைதான், மொழி எதுக்குன்னு சிலர் சொல்வாங்க. எறங்கறதுக்கு முன்னாடி போட்ல பத்து நிமிஷம் பேசறதுதான் முக்கியமான பாடம், அது வேகமான இங்கிலீஷ்ல போச்சுன்னா உங்க வீட்டுக்காரர் சும்மா தலைய ஆட்டுவார், அந்த மாதிரி தலையாட்டல எல்லா இன்ஸ்ட்ரக்டரும் பாத்திருக்கோம்.

அங்கயே கோணேசர் கோயில் இருக்கற பாறைக்கு அடில சுவாமி ராக்னு ஒரு டைவ் இருக்கு. 1620-கள்ல போர்த்துக்கீசர் இடிச்சுக் கடல்ல தள்ளின கோயில் தூணும் கல்லும் இன்னும் அடில கெடக்கு, 1950-கள்ல எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவரோட டைவிங் கூட்டாளி மைக் வில்சனும் முங்கிப் பாத்து எழுதினாங்க. சம்பந்தர் பாடின தலத்தோட கல்லத் தண்ணிக்குள்ள தொடற தூரத்துல பாக்கறது சின்ன விஷயம் இல்லதான், ஆனா கோர்ஸ் முடிஞ்சு கார்டு கைக்கு வந்தப்புறம், கடல் அமைதியா இருந்தா மட்டும். மட்டக்களப்புல 1942 ஏப்ரல்ல ஜப்பான்காரன் முக்கின ஹெர்ம்ஸ்ங்கற பிரிட்டிஷ் போர்க்கப்பலுக்கு கூட்டிட்டுப் போறோம்னு யாராவது சொன்னா சிரிச்சுட்டு வந்துடுங்க, அது அம்பது மீட்டருக்கும் கீழ, உங்க கார்டுக்கு எல்லை 18 மீட்டர்.

மணல் தரை மணல் தரைன்னு ஏன் இவ்ளோ சொல்றேன்னா, கோர்ஸ பாதில விட்டுட்டுப் போறவங்க பெரும்பாலும் மாட்டறது ஒரே எடத்துல, மாஸ்க்ல தண்ணி விட்டு வெளிய தள்ளற பாடம். கண்ணு, மூக்கு ரெண்டும் மாஸ்க்குள்ள, நீங்களே மேல் ஓரத்த லேசா தூக்கி தண்ணிய உள்ள விடணும், மூக்குத் தண்டு வரைக்கும் ரொம்பும், அப்ப வாயால மூச்ச இழுத்துட்டு, நெத்திப் பக்கம் மாஸ்க்க அழுத்திப் புடிச்சு மூக்கால நிதானமா ஊதணும், தண்ணி கீழ வழியா போயிடும். கேக்க ஈஸி. மூக்குல தண்ணி பட்டதுமே ஒடம்பு தன்னால மூக்கால இழுக்கப் பாக்கும், ஒரு தடவ ஏறிடுச்சுன்னா எழுந்து மேல ஓடணும்னு தோணும். இடுப்பளவு தண்ணில முட்டி போட்டு இத பழகினா எழுந்து நின்னு இருமிட்டு மறுபடி உக்காரலாம். கலங்கல் தண்ணில, கயித்தப் புடிச்சுக்கிட்டு, அலைல ஆடிக்கிட்டே பழகினா பயம் ஒட்டிக்கும், லேசுல போகாது. இத வீட்டுலயே ஆரம்பிக்கலாம், ஒரு ஸ்நார்கல் (வாயால மூச்சு விடற குழாய்) வாங்கி, மாஸ்க் போடாம அகலமான அண்டால மூஞ்சிய முக்கி வாயால மட்டும் மூச்சு விட்டுப் பழகச் சொல்லுங்க, உங்க பொண்ணு ரெண்டே நாள்ல பண்ணிடும், உங்க வீட்டுக்காரருக்கு ஒரு வாரம் ஆகலாம்.

உங்களுக்கு வேற பிரச்சனை. கெணத்துல நீச்சல் பழகினவங்க எல்லாருக்கும் ஒரு பழக்கம் உண்டு, தண்ணிக்குள்ள போனதும் தன்னால தம் கட்டுவாங்க. அடில போய் மண்ணு எடுத்துட்டு வர்ற போட்டில ஜெயிச்ச ஆளுன்னா கேக்கவே வேணாம். முத்துக் குளிச்சவங்க, சங்கு குளிச்சவங்க எல்லாருக்கும் தம்தான் மூலதனம், ஸ்கூபாவுல அதுதான் பண்ணவே கூடாதது. காரணம் சிம்பிள். பத்து மீட்டர் ஆழத்துல அழுத்தம் மேல இருக்கறத விட ரெண்டு மடங்கு, அந்த அழுத்தத்துலதான் சிலிண்டர் காத்து உங்க நுரையீரலுக்குள்ள வருது, அத அடச்சு வச்சுக்கிட்டு அப்படியே மேல வந்தீங்கன்னா அதே காத்து ரெண்டு மடங்கா விரியும், நுரையீரல் தாங்காது. அதனால எப்பவும் மூச்சு ஓடிக்கிட்டே இருக்கணும். நல்லா நீச்சல் தெரிஞ்சவங்கதான் இதுல அதிகமா தடுமாறுவாங்க, உங்க வீட்டுக்காரர் உங்கள முந்திட்டார்னா ஆச்சரியப்படாதீங்க. காது விஷயத்துல நீங்க கெட்டிக்காரங்களா இருப்பீங்க, கெணத்துல முங்கினப்ப காது வலிச்சிருக்கும்ல, அங்க வலியப் பொறுத்துக்கிட்டுப் போனீங்க, இங்க வலி வர்றதுக்கு முன்னாடியே மூக்கப் புடிச்சு லேசா ஊதி காத சரி பண்ணணும், ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு தடவ.

இப்ப அந்த ஃபார்ம். தயவுசெஞ்சு பொய் டிக் பண்ணாதீங்க. வீசிங்னா என்னன்னா நுரையீரலோட சின்னக் குழாய் சுருங்கறது, அது தண்ணிக்குள்ள வந்துச்சுன்னா நீங்க ஒழுங்கா மூச்சு விட்டுக்கிட்டே மேல வந்தாலும் ஒரு மூலைல காத்து மாட்டிக்கும், மேல நான் சொன்ன அதே ஆபத்து. சிலிண்டர் காத்து வேற ஈரமே இல்லாத வறட்டுக் காத்து, சிலருக்கு அதுவே கிளப்பி விட்டுடும். வீசிங் இருந்தா டைவிங்கே கூடாதுன்னு அர்த்தம் இல்ல, பல பேர் டாக்டர் சரின்னு சொல்லி பண்றாங்க. கோயமுத்தூர்ல ஒரு நல்ல செஸ்ட் டாக்டரப் பாருங்க, ஸ்பைரோமெட்ரின்னு ஊதச் சொல்லி நுரையீரல அளக்கற டெஸ்ட் எடுப்பாங்க, ஓடவிட்டும் ஒரு தடவ எடுக்கச் சொல்லுங்க, டைவிங் மெடிக்கல் ஃபார்ம்ல டாக்டருக்குன்னு ஒரு பக்கம் இருக்கு, அத கையோட கொண்டு போங்க. இது டிக்கெட் போடறதுக்கு முன்னாடி நடக்கணும், ஏன்னா அங்க போய் உண்மைய எழுதினா டாக்டர் கையெழுத்து இல்லாம எந்த ஸ்கூலும் உங்கள எறக்கக் கூடாது, எறக்கினா அந்த ஸ்கூல்ல நீங்க கத்துக்கவே கூடாது. டாக்டர் வேணாம்னுட்டா விட்டுடுங்க, அவங்க ரெண்டு பேரும் கத்துக்கட்டும், நீங்க ஸ்நார்கலிங் பண்ணுங்க, புறாத்தீவுல அது ஒண்ணும் கொறஞ்ச விஷயம் இல்ல.

வீட்டுக்காரர் இந்த வாரமே நீச்சல் குளத்துல சேரணும். நிக்காம 200 மீட்டர் நீந்தணும், எவ்ளோ நேரம் வேணா எடுத்துக்கலாம், எந்த ஸ்டைலா இருந்தாலும் சரி, அப்புறம் எதையும் புடிக்காம பத்து நிமிஷம் மிதக்கணும். அவ்ளோதான் பரீட்சை, ரெண்டு மூணு மாசம் ஒழுங்கா போனா வந்துடும். வரலைன்னா ஆகஸ்ட்ல அவர் ட்ரை டைவ் மட்டும் பண்ணட்டும், அதுக்கு நீச்சல் கேக்க மாட்டாங்க, 12 மீட்டர் ஆழத்தத் தாண்டி கூட்டிட்டுப் போக மாட்டாங்க. அந்தமான்ல நாலாயிரத்துக்கு ஸ்கூபான்னு பாத்து ஏன் கோர்ஸுக்கு முப்பதாயிரம்னு கேட்டிருந்தீங்கல்ல, அது இதுதான், சிலிண்டரப் பின்னாடி புடிச்சுக்கிட்டு ஒருத்தர் உங்கள தள்ளிக்கிட்டுப் போவார், வீடியோ எடுப்பாங்க, ஜாலியா இருக்கும், ஒண்ணும் கத்துக்க மாட்டீங்க. இன்னொரு வழியும் இருக்கு, தியரியும் குளத்துல பண்ற பாடமும் சென்னைலயோ பெங்களூர்லயோ ரெண்டு வீக்கெண்ட்ல முடிச்சிட்டு, கடல் டைவ் நாலு மட்டும் அங்க போய் பண்ணலாம், ஒரு வருஷத்துக்குள்ள முடிச்சா போதும். பதட்டப்படற ஆளுக்கு இது ரொம்ப நல்லது, நம்ம ஊர்ல தமிழ்ல கத்துக்கிட்டும் போயிடலாம்.

பாண்டிச்சேரில கத்துக்கலாமேன்னு அடுத்து கேப்பீங்க. கத்துக்கலாம், நல்ல ஸ்கூல் இருக்கு, ஆனா தண்ணி ஒரு நாள் கண்ணாடி, அடுத்த நாள் கை நீட்டினா விரல் தெரியாது, பத்து நாள் லீவ நம்பி வர்ற குடும்பத்துக்கு அந்த சூதாட்டம் வேணாம்.

பொண்ணுக்கு பத்து வயசு தாண்டிட்டதால ஜூனியர் கார்டு கிடைக்கும், 12 மீட்டர்தான் எல்லை, பெரியவங்க கூடதான் போகணும். சளி புடிச்சிருந்தா அன்னைக்கு எறங்க வேணாம், மாத்திரை போட்டு எறக்கவும் வேணாம். "எனக்கு இன்னைக்கு வேணாம்"னு பொண்ணு சொன்னா ஏன்னு கேக்காதீங்க, காசு போச்சேன்னு மூஞ்சி சுளிக்கவும் கூடாது.

ஸ்கூலுக்கு போன் பண்ணும்போது மொதல் கேள்வி ஃபீஸ் எவ்ளோன்னு கேக்காதீங்க. ஒரு இன்ஸ்ட்ரக்டருக்கு எத்தன பேருன்னு கேளுங்க, விதிப்படி கடல்ல எட்டு பேர் வரைக்கும் போகலாம், நாலுக்கு மேலன்னா நான் சேர மாட்டேன். மூணு நாளும் அதே ஆளா, நாளுக்கு ஒருத்தரான்னு கேளுங்க. போட்ல ஆக்ஸிஜன் கிட் இருக்கான்னு கேளுங்க, இந்த ஒரு கேள்விக்கு இழுத்தா போன வச்சிடலாம். ஆன்லைன் பாடத்துக்கு, கார்டுக்கு, பூங்கா டிக்கெட்டுக்கு தனியா காசான்னும், ஒரு பாடம் வரலைன்னா கூட ஒரு நாள் எடுத்தா என்ன சார்ஜ்னும் கேட்டு வச்சுக்கோங்க. கார்டு குடுக்கற அமைப்பு பேடியா (PADI) எஸ்எஸ்ஐயான்னு (SSI) ரொம்ப யோசிக்காதீங்க, ரெண்டு கார்டும் எல்லா ஊர்லயும் செல்லும், இன்ஸ்ட்ரக்டரோட நம்பர வாங்கி அந்தந்த அமைப்போட வெப்சைட்ல போட்டா ஆள் உண்மையான்னு தெரிஞ்சிடும். டைவிங் இன்சூரன்ஸ் தனியா எடுங்க, சாதாரண ட்ராவல் இன்சூரன்ஸ் நெறைய பேர் இத சேக்கறதில்ல.

பயணத்த போடும்போது ஒரு விஷயம். இலங்கைன்னதும் எல்லாரும் கடைசி ரெண்டு நாள நுவரெலியாவுக்கு வச்சிடுவாங்க, கடல்ல ஆடிட்டு டீ எஸ்டேட்ல ரெஸ்ட்டுன்னு. அப்படி வைக்காதீங்க, தலைகீழா போடுங்க. பல டைவ் பண்ணினப்புறம் 18 மணி நேரமாவது ஃப்ளைட் ஏறக்கூடாதுன்னு எல்லாருக்கும் தெரியும், ஒடம்புல கரஞ்ச நைட்ரஜன் வெளிய போகணும், ஆனா அதே கணக்கு மலைக்கும் உண்டுன்னு யாரும் சொல்றதில்ல, நுவரெலியா கடல் மட்டத்துல இருந்து 1,800 மீட்டருக்கு மேல. காலைல டைவ் பண்ணிட்டு மத்தியானம் கார்ல மலை ஏறினா மூட்டு வலியோட முடியலாம். அதனால கொழும்புல எறங்கினதும் மலை, அங்க ரெண்டு நாள் குளிர், அப்புறம் எறங்கி திருகோணமலை, கோர்ஸுக்கு நாலு நாள், கடல் ஏமாத்தினா சமாளிக்க சும்மா ஒரு நாள், கடைசி நாள் தண்ணில எறங்காம கோயில், கன்னியா வெந்நீர் ஊற்று. மலையே வேணாம்னா சென்னை - யாழ்ப்பாணம் ஃப்ளைட்டப் பாருங்க, அங்கருந்து வவுனியா வழியா ரோடு, கொழும்புல இருந்து வர்றத விட அலைச்சல் கம்மி. லீவ மாத்திக்க முடியும்னா மட்டும் என் பதிலும் மாறும், பிப்ரவரி மார்ச்சுக்கு போடுங்க, ஹேவ்லாக் போங்க, பாஸ்போர்ட்டே வேணாம்.

மீசை. எடுக்க வேணாம்ங்க. மாஸ்க்கோட சிலிக்கான் ஓரம் மூக்குக்கு அடில தோல்ல ஒட்டணும், மீசை நடுவுல வந்தா அந்த வழியா தண்ணி கசியும், அவ்ளோதான் பிரச்சனை. மூக்குத் துவாரத்த ஒட்டி மேல் வரிசைய மட்டும் ஒரு விரல் நகத்தளவு ட்ரிம் பண்ணிட்டா போதும், மீதி மீசை அப்படியே இருக்கலாம், முறுக்கியும் விட்டுக்கலாம். மாஸ்க் வாங்கும்போது பட்டைய மாட்டாம மூஞ்சில வச்சு மூக்கால லேசா இழுத்துப் பாக்கச் சொல்லுங்க, கைய எடுத்தாலும் விழாம ஒட்டி நின்னா அது அவருக்கு சரியான சைஸ்.